பிரிம்ஃபீல்டு பழம்பொருள் சந்தை: எந்த மாதம், எந்தக் கிழமை?

"பிரிம்ஃபீல்டுக்கு ஒரே ஒரு தடவைதான் போக முடியும். மே மாதம் போகட்டுமா, ஜூலையா, செப்டம்பரா?" நியூ ஜெர்சியிலும் பாஸ்டன் பக்கத்திலும் இருக்கும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. நான் உடனே திருப்பிக் கேட்பேன்: "மாதம் இருக்கட்டும், எந்தக் கிழமை போகப் போறீங்க?" பலருக்கு இந்தக் கேள்வி விசித்திரமாகப் படுகிறது. சந்தை என்றால் சந்தைதானே, செவ்வாய்க்கிழமை என்ன, சனிக்கிழமை என்ன என்று நினைக்கிறார்கள். ஏழெட்டு முறை போய்வந்த பிறகு எனக்குத் தெளிவாகிவிட்டது: நீங்கள் எதைப் பார்ப்பீர்கள், எதை வீட்டுக்குக் கொண்டுவருவீர்கள் என்பதை முடிவு செய்வது கிழமைதான். மாதம் அதற்கு அடுத்தபடி.

அது ஏன் அப்படி என்று புரிய, அந்த இடம் எப்படி இயங்குகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நாலாயிரம் பேர்கூட இல்லாத சின்ன ஊர் பிரிம்ஃபீல்டு. ஊருக்கு நடுவே போவது ரூட் 20 சாலை. வருஷத்துக்கு மூன்று முறை, செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு நாள், அந்தச் சாலையின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரு மைல் தூரத்துக்குப் புல்வெளியெல்லாம் வெள்ளைக் கூடாரங்களாகிவிடும். 1959-ல் கார்டன் ரீட் என்ற ஏலக்காரர் தன் சொந்த நிலத்தில் தொடங்கியது இது. முதல் சந்தைக்கு வந்தவர்கள் 67 வியாபாரிகள். கூட்டம் பெருகப் பெருக, பக்கத்து நிலத்துக்காரர்களும் தங்கள் வயலைத் திறந்துவிட்டார்கள். ரீட் ஆரம்பித்த நிலம் இன்றைக்கு ஆக்‌ஷன் ஏக்கர்ஸ் என்ற பெயரில் இருக்கிறது. அதைச் சேர்த்துச் சுமார் இருபது திடல்கள், ஆயிரக்கணக்கில் கடைகள்.

ஆக, வெளியிலிருந்து பார்த்தால் ஒரே சந்தை. உள்ளே போனால் இருபது சந்தை. ஒவ்வொரு திடலுக்கும் தனி உரிமையாளர், தனி விதி, தனித் திறப்பு நேரம். செவ்வாய் விடியற்காலையிலேயே பல திடல்கள் திறந்துவிடும். ஹார்ட்-ஓ-தி-மார்ட் புதன் காலை ஒன்பது மணிக்கு, ஹெர்ட்டன்ஸ் அதே புதன் நண்பகலில், மேஸ் வியாழன் காலை ஒன்பது மணிக்கு என்பது நெடுநாள் வழக்கம். (அந்த மேஸ் ஒரு திடலின் பெயர், மே மாதத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) நேரங்கள் அவ்வப்போது மாறுவதுண்டு. அதனால் கிளம்புவதற்கு முந்தின வாரம் அந்த வருஷத்துக்கான அட்டவணையை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இனி கிழமைக்கு வருவோம்.

செவ்வாய்க்கிழமை வேட்டைக்காரர்களின் நாள். சூரியன் வருவதற்கு முன்பே கையில் டார்ச் லைட்டோடு ஆட்கள் நடமாடுவார்கள். நியூயார்க்கிலிருந்து வரும் கடைக்காரர்கள், வீட்டு அலங்கார வேலை செய்பவர்கள், சினிமாவுக்கும் நாடகத்துக்கும் பொருள் சேர்ப்பவர்கள் எல்லோரும் அன்றைக்குத்தான் வருவார்கள். வியாபாரிகள் தங்களுக்குள்ளேயே வாங்கி விற்றுக்கொள்வதும் அன்றைக்குத்தான். வண்டியிலிருந்து பாதி இறங்கிய மேஜையை ஒருவர் தொட்டுப் பார்த்து, விலை கேட்டு, தலையசைத்துவிட்டால் அது மறுபடியும் வேறொரு வண்டியில் ஏறிவிடும். தரையைத் தொடவே தொடாது. உங்களுக்கு இன்ன பொருள்தான் வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்து, அதன் விலையும் தெரிந்திருந்தால் செவ்வாயைவிட நல்ல நாள் கிடையாது. தெரியாமல் போனால் செவ்வாயைவிட ஆபத்தான நாளும் கிடையாது. நான் முதல் முறை போனது ஒரு செவ்வாய்க்கிழமை. சுற்றிலும் எல்லோரும் அவசரப்படுவதைப் பார்த்து நானும் அவசரப்பட்டேன். காலை ஏழு மணிக்குள் 140 டாலர் கொடுத்து ஒரு மரப்பெட்டி வாங்கினேன். வெளிச்சம் வந்த பிறகு பார்த்தால் கீல்கள் புதுசு, அடிப்பலகை ஒட்டுப்பலகை. விற்றவர் பொய் ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்கவே இல்லை.

புதன்கிழமை எனக்கு மிகவும் பிடித்த நாள். காரணம், நேரம் வைத்துத் திறக்கும் திடல்கள். ஒன்பது மணித் திடலில் எட்டரைக்கே கூட்டம் வாசலில் சேர்ந்துவிடும். அவரவர் கையில் தள்ளுவண்டி, காபி. ஹெர்ட்டன்ஸ் மாதிரி இடத்தில் நண்பகல் வரைக்கும் கடை பரப்பக் கூடாது. பன்னிரண்டு அடித்ததும் வேன் கதவுகள் ஒரே சமயத்தில் திறக்கும், பெட்டிகள் இறங்கும், செய்தித்தாள் சுற்றிய சாமான் ஒவ்வொன்றாக வெளியே வரும். உங்களுக்கும் பத்து வருஷம் கடை நடத்தியவருக்கும் அந்த நிமிஷத்தில் ஒரே வாய்ப்புத்தான். வெளிச்சமும் நன்றாக இருக்கும், பொருளைத் திருப்பிப் பார்க்கலாம். செவ்வாயன்று வந்த பெரிய கைகள் பலர் அதற்குள் ஊர் திரும்பியிருப்பார்கள். முதல் முறை போகிறவர்களுக்குப் புதன்தான் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

வியாழனும் கிட்டத்தட்ட புதன் மாதிரிதான், மேஸ் திறப்பதைத் தவிர சொல்லிக்கொள்ள வேறுபாடு குறைவு. வெள்ளிக்கிழமை கொஞ்சம் நிதானமாக இருக்கும். வியாபாரிகளுக்குப் பேச நேரம் கிடைக்கும், நாற்காலியில் சாய்ந்துகொண்டு பொருளின் கதையைச் சொல்வார்கள். கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு அது நல்ல நாள்.

சனி, ஞாயிறு பற்றி ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. வாரக்கடைசி என்றால் சந்தை களைகட்டும் என்று நினைத்துக் குடும்பத்தோடு மூன்று மணி நேரம் ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். வந்து பார்த்தால் பல இடங்களில் கூடாரம் பிரித்த புல்தரைதான் இருக்கும். நல்ல சரக்கு போய்விட்டது, தூரத்து வியாபாரிகள் கிளம்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே ஒரு லாபம் உண்டு: கனமான சாமானைத் திரும்பவும் வண்டியில் ஏற்ற யாருக்கும் மனசு வராது. ஓக் மரப் பீரோ, இரும்புக் கட்டில், கல் தொட்டி மாதிரி பொருளுக்கு அன்றைக்கு மதியம் சொல்லும் விலை புதன்கிழமை விலையில் பாதிகூட இருக்கலாம். பிக்கப் டிரக் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கூட வந்தால் ஞாயிற்றுக்கிழமையை யோசிக்கலாம். இல்லாவிட்டால் வேண்டாம்.

அப்புறம்தான் மாதம்.

மே சந்தை பெரும்பாலும் மாதத்தின் நடுவாரத்தில் வரும். குளிர்காலம் முழுக்க நியூ இங்கிலாந்து வீடுகளின் பரண்களிலிருந்தும் களஞ்சியங்களிலிருந்தும் சேர்த்த சரக்கை வியாபாரிகள் முதல் முறையாக வெளியே கொண்டுவருவது அப்போதுதான். மூன்றிலும் சரக்கு அதிகம் மே மாதத்தில்தான், கூட்டமும் அதிகம். விலையில் அவ்வளவு இறங்கி வரமாட்டார்கள். இன்னும் இரண்டு சந்தை பாக்கி இருக்கிறதே, விற்காவிட்டால் ஜூலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற தெம்பு அவர்களுக்கு. விடியற்காலையில் நல்ல குளிர் இருக்கும், மழை பெய்தால் புல்வெளி சேறாகிவிடும். கணுக்கால் வரை மூடும் ரப்பர் பூட்ஸ் போட்டவர்களைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

ஜூலை இதற்கு நேரெதிர். வெயில், புழுக்கம், மத்தியானத்தில் இடிமழை. கூடாரத்துக்குள் நிற்கவே முடியாது. வியாபாரிகளில் ஒரு பகுதியினர் ஜூலையை விட்டுவிடுவார்கள். ஆனால் கூட்டமும் குறைவு என்பதால் பேரம் பேச மூன்றிலும் வசதியானது ஜூலைதான். காலையிலிருந்து ஒன்றும் விற்காத ஒருவரிடம் மதியம் இரண்டு மணிக்கு மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். பள்ளி விடுமுறை என்பதால் குழந்தைகளைக் கூட்டிப்போக முடிகிற ஒரே மாதமும் இதுதான். பக்கத்து ஊரான ஸ்டர்பிரிட்ஜில் ஓல்டு ஸ்டர்பிரிட்ஜ் வில்லேஜ் இருக்கிறது. 1830-களின் கிராமத்தை அப்படியே உயிரோடு வைத்திருக்கும் அருங்காட்சியகம். கொல்லர் உலைக்களம், மாவு மில், குயவர் சக்கரம் எல்லாம் குழந்தைகள் கண்ணெதிரே இயங்கும். ஒரு நாள் அங்கே, ஒரு காலை சந்தையில் என்று பிரித்துக்கொண்டால் குழந்தைகள் சலித்துப்போக மாட்டார்கள்.

செப்டம்பர் சந்தை அமெரிக்கத் தொழிலாளர் தின விடுமுறைக்கு (செப்டம்பரின் முதல் திங்கள்) அடுத்த நாளே, செவ்வாயன்று, தொடங்கிவிடும். காலையில் இதமான குளிர், பகலில் உறுத்தாத வெயில், ஆப்பிள் சைடர் டோனட் பொரிக்கும் வாசனை. சரக்கு மே அளவுக்கு இருக்காது, ஆனால் ஜூலையைவிட நிச்சயம் நன்றாக இருக்கும். வருஷத்தின் கடைசிச் சந்தை என்பதால், குளிர்காலம் முழுக்க ஒரு பொருளைக் கிடங்கில் போட்டு வைப்பதைவிடக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கும் வியாபாரிகள் கணிசமாக இருப்பார்கள். விலை, வானிலை, சரக்கு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் என் ஓட்டு செப்டம்பருக்குத்தான். குறை ஒன்றே ஒன்று: பள்ளி திறந்த வாரம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒருவர்தான் போக முடியும்.

இதுவரை சொன்னது எப்போது போவது என்பது. எதற்காகப் போகிறோம் என்பதும் இதோடு ஒட்டியதுதான். நம் ஆட்கள் பலர் "ஆன்டிக் எல்லாம் பணக்காரர் சமாச்சாரம்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஒரே ஒரு பொருளைப் பற்றி: தோசைக்கல்.

பென்சில்வேனியாவின் ஈரி நகரத்தில் கிரிஸ்வோல்டு என்றொரு வார்ப்பிரும்புக் கம்பெனி இருந்தது. 1865-ல் ஆரம்பித்து 1957-ல் மூடிய தொழிற்சாலை. ஒஹையோவின் சிட்னி ஊரில் இருந்த வாக்னரும் அதே வகை. இவர்கள் அந்தக் காலத்தில் வார்த்த வட்டக் கல்லை அமெரிக்கர்கள் 'கிரிடில்' என்பார்கள், பான்கேக் சுடுவதற்கு வைத்திருந்தது. விளிம்பு இருக்கா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் தாழ்வு, மேல்பரப்பு கண்ணாடி போல வழவழப்பு, இப்போது கடையில் கிடைக்கும் வார்ப்பிரும்பைவிட எடை குறைவு. எங்கள் வீட்டில் இருப்பது ஒன்பதாம் நம்பர் கல். ஒரு வியாபாரியின் மேஜைக்கு அடியில், துருப்பிடித்த பூட்டுகளுக்கு நடுவே கிடந்தது. மேலே ஏதோ பிசின் மாதிரி கரிப்படலம், பின்பக்கம் திருப்பித் துடைத்தால் வட்டத்துக்குள் சிலுவைக் குறி, அதற்குள் கிரிஸ்வோல்டு என்ற எழுத்து. 60 டாலர் என்றார், 45-க்குக் கொடுத்தார். பழைய படலத்தை எடுத்து, ஒரு வாரம் எண்ணெய் தடவிச் சுட்டுப் பழக்கிய பிறகு ஊற்றிய தோசை, நுனிவிரலால் தள்ளினால் நகர்ந்தது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது நாலு விஷயம். சமமான மேஜைமேல் கல்லை வைத்து ஓரத்தை விரலால் அழுத்துங்கள். ஆடினால், சுழன்றால் அது கோணியிருக்கிறது. கண்ணாடி அடுப்பில் அது உட்காராது. அடுத்து, ஒரு கையில் தூக்கிப் பிடித்து மறு கையின் விரல் கணுவால் தட்டுங்கள். சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்க்கிறோமே, அதே கதைதான். ணங்கென்று நீண்டு ஒலித்தால் நல்லது, டொக்கென்று செத்துவிட்டால் எங்கோ விரிசல். மூன்றாவது, பரப்பில் செம்பு நிறத்தில் திட்டுத்திட்டாகச் செதில் போல இருந்தால் ஏதோ ஒரு நெருப்பில் அளவுக்கு மீறி வெந்த கல். அதை எவ்வளவு பழக்கினாலும் எண்ணெய் பிடிக்காது. கடைசியாக, பரப்பு மணல் மாதிரி சொரசொரவென்று இருந்து எழுத்தும் மழுங்கியிருந்தால் அது பழசை அச்சு எடுத்து வார்த்த போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் சிலர் துப்பாக்கிக் குண்டுக்கும் தூண்டில் எடைக்கும் ஈயம் உருக்கியது இப்படிப்பட்ட சட்டிகளில்தான். ஈயச் சோதனைப் பட்டை ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கும். சமைப்பதற்கு முன்னால் ஒரு முறை சோதித்துவிடுங்கள்.

தோசைக்கல் தேடுகிறவர்களுக்கு எந்த நாளும் சரிதான், ஞாயிறு தவிர. மேஜை, நாற்காலி தேடுகிறவர்கள் மே மாதச் செவ்வாய் அல்லது எந்த மாதமானாலும் ஞாயிறு என்று இரண்டு முனைகளில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். பீங்கான், கண்ணாடி சேகரிக்கிறவர்களுக்குப் புதனும் வியாழனும். பைரெக்ஸ் கண்ணாடிக் கிண்ணங்கள், பழைய மாவுச் சல்லடை, காபி அரைக்கும் கைமெஷின் மாதிரி சமையலறைச் சாமான் எல்லாத் திடலிலும் கொட்டிக் கிடக்கும். அவற்றுக்காக விடியற்காலையில் ஓட வேண்டியதே இல்லை.

அந்தக் கூடாரங்களுக்கு நடுவே நடக்கும்போது நம் ஊரும் எதிரே வரும். பித்தளை மணிகள், கொத்தாகக் கயிற்றில் கட்டியவை, 'பெல்ஸ் ஆஃப் சர்னா' என்ற பெயரோடு. போன நூற்றாண்டின் நடுப்பகுதியில் சர்னா என்ற இந்திய வணிகர் அமெரிக்காவுக்கு இறக்குமதி செய்து விற்ற மணிகள் அவை. யானை மணி, ஒட்டக மணி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன அட்டைக் கதை எழுதி மாட்டியிருப்பார்கள். அட்டையோடு இருந்தால் விலை கூடுதல். ஒரு முறை ஏழு மணி கோத்த சரம் ஒன்றைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தேன். எங்கள் தாத்தா வீட்டு மாட்டு வண்டி தெருமுனை திரும்பும் சத்தம். ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டு நகர்ந்தேன். இருபது நிமிஷம் கழித்து வந்தபோது ஆணி மட்டும் இருந்தது. அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: மனசு ஒட்டிய பொருளைக் கையிலிருந்து வைப்பதற்கு முன்பே விலை பேசிவிடுவது. பணம் கொடுத்துவிட்டால், தூக்க முடியாததை மாலைவரை கடையிலேயே வைத்திருக்கச் சொல்லலாம். எந்தத் திடல், எந்த வரிசை, எந்தக் கூடாரம் என்று மட்டும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் எல்லாக் கூடாரமும் ஒரே மாதிரிதான் தெரியும்.

மணி வாங்கலாம், குத்துவிளக்கு வாங்கலாம். பழைய ஐம்பொன் சிலை என்று யாராவது காட்டினால் ஒதுங்கிவிடுங்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலைகளைத் தனியார் ஏற்றுமதி செய்வதை இந்தியாவின் 1972-ம் வருஷச் சட்டமே தடுக்கிறது. நம் கோயில்களிலிருந்து களவுபோன சாமிகள் எங்கெல்லாம் போய் நின்றன என்பது தெரியும்தானே. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராசர் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் வரைக்கும் போய் 2014-ல்தான் திரும்பி வந்தார். திடலில் கிடைப்பது பெரும்பாலும் அண்மையில் வார்த்த கைவினைப் பொருளாகத்தான் இருக்கும். ஆனாலும் எப்போது, யாரிடமிருந்து, எந்தக் காகிதத்தோடு வந்தது என்று சொல்ல முடியாத சாமியை வீட்டுக்குக் கொண்டுவர எனக்கு மனசு ஒப்பாது.

தங்குவதா, அன்றே திரும்புவதா? பாஸ்டன்காரர்களுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான தூரம், காலையில் கிளம்பி மாலையில் திரும்பலாம். நியூ ஜெர்சியின் எடிசன் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு மூன்று மணி நேரமாவது ஆகும். அவர்கள் ஸ்டர்பிரிட்ஜில் ஓர் இரவு தங்குவது நல்லது. சந்தை வாரத்தில் அறை வாடகை எகிறிவிடும், ஆகவே ஒன்றிரண்டு மாதத்துக்கு முன்பே எடுத்துவிடுங்கள். வண்டி நிறுத்த ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு முற்றத்தையே திறந்து வைப்பார்கள், பத்து டாலர் அளவில் கேட்பார்கள். காலை ஒன்பதுக்கு மேல் ரூட் 20-ல் வண்டி ஊர்ந்துதான் போகும். ரொக்கம் கட்டாயம். சிலர் போன் வழியாகப் பணம் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் ரொக்கத்தை நீட்டினால்தான் விலை குறையும். பெரும்பாலான திடல்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, சிலவற்றில் உண்டு. பேரம் பேசுவதில் நம் ஊர்ப் பழக்கத்தைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டும். பாதி விலைக்குக் கேட்டால் முகம் திரும்பிவிடும். "உங்களால் முடிந்த விலை என்ன?" என்று கேட்டுவிட்டு நின்றால் பத்து, இருபது சதவீதம் தானாகவே இறங்கும். இரண்டு மூன்று பொருளைச் சேர்த்து எடுத்தால் இன்னும் கொஞ்சம்.

இவ்வளவு ஏற்பாடும் மலைப்பாக இருந்தால் ஒரு மாற்று வழி இருக்கிறது. கனெக்டிகட் மாநிலம் நியூ மில்ஃபோர்டில் எலிஃபன்ட்ஸ் டிரங்க் என்ற சந்தை, வசந்தம் தொடங்கி டிசம்பர் வரை ஞாயிறுதோறும் நடக்கும். ஒரே மைதானம், அரை நாளில் சுற்றிவிடலாம், நியூ ஜெர்சிக்காரர்களுக்குத் தூரமும் குறைவு. கண்ணைப் பழக்கிக்கொள்ள நல்ல இடம். அங்கே இரண்டு ஞாயிறு நடந்து, எதற்கு என்ன விலை என்று மனசில் பதித்துக்கொண்டு பிரிம்ஃபீல்டுக்குப் போனால் என் மரப்பெட்டி மாதிரி அனுபவம் உங்களுக்கு வராது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்த மாதிரி என்று நினைக்க வேண்டாம். அது ஊர் வாரச் சந்தை, இது தேர்த் திருவிழா. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளை ஏறி இறங்கியவர்களுக்கு இன்னொரு விதமாகச் சொல்லலாம்: அங்கே இன்றைக்குப் பார்த்த மரத்தூண் நாளைக்கும் இருக்கும். இங்கே அந்த நிம்மதி கிடையாது.

இந்த வருஷம் என் திட்டம் இதுதான். செப்டம்பர், செவ்வாய் மதியம் ஸ்டர்பிரிட்ஜ், அன்றைக்கு மாலை திடல்களைச் சும்மா ஒரு நடை. புதன் காலை ஒன்பதுக்கு ஹார்ட்-ஓ-தி-மார்ட், நண்பகலுக்கு ஹெர்ட்டன்ஸ் வாசல், நடுவில் ஒரு டோனட். தங்கைக்கும் அவள் மாமியாருக்குமாக இரண்டு தோசைக்கல் எடுக்க வேண்டும், மணிச் சரம் கண்ணில் பட்டால் அதுவும். பின்சீட்டை மடக்கி, பழைய போர்வை இரண்டையும் தள்ளுவண்டியையும் ஏற்றியாகிவிட்டது.